பெண்களுக்கு அந்தரங்க இடத்தில் மரு வந்தால் சேலத்தில் யாரிடம் காட்டுவது?

கொலுசுமணி
வணக்கம். பெயர் சொல்லாமல் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். வயது 27, பனங்காடு பக்கம், வீட்டிலேயே கொலுசுக்குப் பொடி வைக்கிற வேலை. கல்யாணம் ஆகி இரண்டு வருடம்.

பிறப்புறுப்பின் வெளிப்பக்கத்தில் தோல் நிறத்திலேயே சின்னச் சின்னதாக முளைத்திருக்கிறது. முதலில் இரண்டு மூன்றுதான் இருந்தது. இப்போது கொத்தாகிவிட்டது, மேலே காலிஃபிளவர் பூ மாதிரி சொரசொரப்பு. வலி கிடையாது. அரிப்பு உண்டு, துணி உரசினால் எப்போதாவது ரத்தக் கசிவு. மருந்துக்கடையில் "அரிப்பு" என்று மட்டும் சொல்லி ஒரு டியூப் வாங்கிப் போட்டேன். அரிப்பு குறைந்தது, ஆனால் மரு இன்னும் பெருகியது.

மாமியார் சூடு என்கிறார், தினமும் வெந்தயம் ஊறவைத்துக் கொடுக்கிறார். வீட்டுக்காரர் லாரியில் போகிறவர், மாதத்தில் பாதி நாள் வடக்கேதான். கைப்பேசியில் தேடினால் புற்றுநோய் என்று வருகிறது. தூக்கமே போய்விட்டது. எந்த டாக்டரிடம் போக வேண்டும், என்னென்ன கேட்பார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குகை_ராஜா
சூடுதான் சகோதரி. சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளிங்க, காலையில் இளநீர் குடிங்க. சரியாகிவிடும்.

ஓய்வு_சிஸ்டர்
ராஜா தம்பி, எண்ணெய் தேய்த்தால் உடம்புக்கு நல்லதுதான், மரு உதிராது.

கண்ணு, முதலில் புற்றுநோய் பயத்தை விடு. நான் அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவில் பல வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். நீ சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டு வந்த பெண்கள் கணக்கில்லை. பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் கேட்டவரையில் எச்.பி.வி. என்கிற வைரஸால் வருகிற மரு மாதிரிதான் தெரிகிறது. அந்த வைரஸில் 200க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. கையில் காலில் வருகிற மருவும் அதே குடும்பம்தான். அந்தரங்க இடத்தில் வருகிற மருக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் காரணம் 6, 11 என்ற இரண்டு எண் வகைகள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணமாவது 16, 18. இரண்டும் வேறு வேறு. உன் மரு புற்றுநோயாக மாறப்போகிறது என்று நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

போக வேண்டிய இடம்: பெண்கள் நல மருத்துவரும் பார்ப்பார், ஆனால் இது தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவின் வேலை. சேலம் ஜி.எச்., அதாவது மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்தப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொள். சீட்டுப் போடும் இடத்தில் எல்லாக் கதையும் சொல்ல வேண்டியதில்லை, "தோல் டாக்டரைப் பார்க்கணும்" என்றால் போதும். உள்ளே போனபின் "லேடி டாக்டர் பார்த்தால் நல்லது" என்று கேள், அது உன் உரிமை. ஆண் டாக்டராக இருந்தால் சிஸ்டர் ஒருவர் கட்டாயம் கூட நிற்க வேண்டும்.

அந்த டியூபை இன்றே நிறுத்து. அரிப்பு என்று சொன்னால் கடைக்காரர் கொடுப்பது அநேகமாக ஸ்டீராய்டு கலந்த களிம்பாகத்தான் இருக்கும். அரிப்பை அடக்கும், கூடவே அந்த இடத்தில் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கும். வைரஸுக்குக் கொண்டாட்டம்.

கொலுசுமணி
ரொம்ப நன்றி அம்மா. டியூபில் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே ஸ்டீராய்டு பெயர் இருக்கிறது. நிறுத்திவிட்டேன்.

வைத்தியர்_பேரன்
செலவில்லாத வழி இருக்கும்போது ஜி.எச். எதற்கு? அம்மான் பச்சரிசிச் செடியைக் கிள்ளினால் வருகிற பாலை மருவின் மேல் வைத்தால் உதிரும். சுண்ணாம்போடு சலவை சோடா குழைத்து வைப்பதும் உண்டு. என் தாத்தா நூறு பேருக்குச் செய்திருக்கிறார்.

அம்மாபேட்டை_அக்கா
உங்கள் தாத்தா கழுத்து மருவுக்கும் கை மருவுக்கும் செய்திருப்பார் தம்பி. அந்த இடத்தின் தோல் அப்படியா இருக்கிறது? என் சின்னம்மா மகள் வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் சுண்ணாம்பும் சோடாவும் வைத்தாள். மரு பாதிதான் போனது, சுற்றிலும் வெந்து புண்ணாகி உட்காரவே முடியாமல் கிடந்தாள். ஒன்றுக்குப் போகும்போது அவள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. தறிக்குழியில் இறங்கவே வெகு நாளானது. தயவுசெய்து இதையெல்லாம் இங்கே எழுதாதீர்கள்.

தோல்பிரிவு_பிஜி
அக்கா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் தோல் மருத்துவ மேற்படிப்பில் இருக்கிறேன், எந்தக் கல்லூரி என்று சொல்லவில்லை. கால் ஆணிக்கும் கை மருவுக்கும் கடையில் விற்கிற சாலிசிலிக் அமில மருந்தும் அந்தரங்க இடத்துக்கு ஆகாது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷேவ் செய்வதும் வேண்டாம். பிளேடு போகும் வழியெல்லாம் வைரஸைத் தூவிக்கொண்டு போகும்.

பேரன் அண்ணனுக்கு ஒரு செய்தி: மூலிகையே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. போடோஃபில்லோடாக்ஸின் என்ற மருந்து இமயமலைப் பக்கம் விளைகிற ஒரு செடியின் கிழங்கிலிருந்து வருவதுதான். பச்சைத் தேயிலைச் சாற்றில் செய்த களிம்புகூட வெளிநாடுகளில் அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. (ஏற்காட்டுக்காரர்கள் காபியிலிருந்து ஒன்றைக் கண்டுபிடித்தால் நான் முதலில் வாங்கிக்கொள்கிறேன்.) எவ்வளவு வீரியம், எத்தனை நாள், எங்கே படக்கூடாது என்று அளந்து வைத்திருக்கிறார்கள். வேறுபாடு அதில்தான்.

கொலுசுமணி அக்கா, பார்க்காமல் மருந்து போடக்கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே முளைக்கிறதெல்லாம் மரு அல்ல. சில பெண்களுக்கு உள் உதடுகளில் இரண்டு பக்கமும் ஒரே சீராக, மென்மையாக, வரிசையாகச் சிறு நீட்டல்கள் இருக்கும். அது பிறவியமைப்பு, நோயே இல்லை. அதை மரு என்று நினைத்துச் சுட்டு வேதனைப்பட்டவர்கள் உண்டு. நடுவில் குழியோடு முத்து மாதிரி இருப்பது இன்னொரு வைரஸ். எல்லாவற்றையும்விட முக்கியமானது, கிரந்தி என்று பழைய ஆட்கள் சொல்வார்களே, அந்த சிபிலிஸின் இரண்டாம் கட்டத்திலும் தட்டையாக, ஈரமாக, மரு போலவே வரும். அதற்குப் பென்சிலின் ஊசி, இதற்கு முற்றிலும் வேறு வைத்தியம். அதனால்தான் வி.டி.ஆர்.எல். என்ற ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள். உங்கள்மேல் சந்தேகப்பட்டு அல்ல, வருகிற எல்லோருக்கும் அதுதான் முறை.

மருவைப் பெரும்பாலும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். கருப்பாக இருந்தாலோ, கெட்டியாகப் புண்பட்டிருந்தாலோ, வைத்தியத்துக்கு அசையாமல் இருந்தாலோதான் ஒரு துண்டு எடுத்து சதைப் பரிசோதனைக்கு அனுப்புவோம்.

சேவல்_கொடி
எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். பால்வினை நோய் என்றால் யாரோ ஒருவர் தப்பு செய்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். அந்தம்மா வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நேரத்தில்

நிர்வாகி
மேலே உள்ள பதிவின் மீதிப் பகுதி நீக்கப்பட்டது. இனி இப்படி எழுதினால் கணக்கே இருக்காது. இன்னொன்று, ஒரு புதிய உறுப்பினர் படம் போட்டிருந்தார், அதையும் எடுத்துவிட்டோம். முகம் தெரியாவிட்டாலும் படம் போட வேண்டாம். இணையத்தில் போனது திரும்பி வராது.

ஆத்தூர்_வக்கீல்
சேவல் கொடிக்கு ஒரு வக்கீலாகவே பதில் சொல்கிறேன். இந்த மருவைக் காட்டி "என் பெண்டாட்டி நடத்தை சரியில்லை" என்று மனுப் போட வேண்டும் என்று வந்த கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வைரஸ் எந்தத் தேதியில், யாரிடமிருந்து வந்தது என்று எழுதித் தர ஒரு டாக்டரைக் கூட்டி வாருங்கள். யாராலும் முடியாது. வைரஸ் உள்ளே போய் இரண்டு மூன்று மாதத்தில் மரு தெரியலாம், எட்டு மாதமும் ஆகலாம், சிலருக்கு வருடக்கணக்கில் அடங்கிக் கிடந்து பிறகு எழும்பும். கல்யாணத்துக்கு முன்னால் இருவரில் ஒருவருக்குத் தொற்றியதாக இருக்கலாம். அந்த ஒருவர் தன் உடம்பில் ஒரு மருவைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். உடலுறவு ஆரம்பித்தவர்களில் பெரும்பாலானோருக்கு ஆயுளில் ஒருமுறையாவது ஏதாவது ஒரு எச்.பி.வி. வகை வந்து போகிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பெரும்பாலானோருக்கு வந்த சுவடே தெரியாமல் ஓரிரண்டு வருடத்தில் உடம்பே துரத்திவிடும்.

எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்களில் மருவைவிட, அதைப் பற்றிச் சொந்தக்காரர்கள் கூடிப் பேசிய பேச்சுதான் பிரிவு வரை கொண்டுபோனது.

மூக்குக்கண்ணாடி
எத்தனை பேருக்கு இது வருகிறது என்று ஏதாவது கணக்கு உண்டா? நம் ஊரில் கேள்விப்பட்டதே இல்லையே.

தோல்பிரிவு_பிஜி
கேள்விப்படாதது வேறு, இல்லாதது வேறு. டென்மார்க், ஐஸ்லாந்து, நார்வே, ஸ்வீடன் நாடுகளில் 18 முதல் 45 வயதுள்ள ஏறத்தாழ 70,000 பெண்களிடம் கேட்டு 2007இல் வெளியிட்ட ஆய்வில், 10.6 சதவீதம் பேர் எப்போதோ ஒருமுறை இந்த மரு வந்ததாக டாக்டர் சொன்னார் என்று சொல்லியிருக்கிறார்கள். பத்தில் ஒருவர். இருபதுகளின் முதல் பாதியில்தான் பெண்களுக்கு அதிகம்.

நம் நாட்டுக் கணக்குகள் பெரும்பாலும் பால்வினை நோய்ப் பிரிவுக்கு வந்தவர்களை எண்ணியவை. அந்த வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண் அங்கே வர வேண்டுமென்றால் அவளுக்கு முதலில் நோய் என்று தெரிய வேண்டும், பிறகு வீட்டில் ஒரு சாக்குச் சொல்ல வேண்டும், பஸ்ஸுக்குக் காசு வேண்டும், அரைநாள் கூலியை விட வேண்டும். அதற்குமேல் ஒன்று, மரு கர்ப்பப்பை வாயிலோ உள்சுவரிலோ இருந்தால் அவளுக்கே தெரியாது. பிரசவத்துக்கு வரும்போதுதான் பார்ப்போம். ஆகவே அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு "நம் பெண்களுக்குக் குறைவு" என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஒன்று மட்டும் சொல்லலாம். மேகவெட்டை (கொனோரியா), கிரந்தி மாதிரி பாக்டீரியா நோய்கள் மருந்துகளால் குறைந்தபின், இந்தப் பிரிவுகளுக்கு வருகிறவர்களிடம் அந்தரங்க அக்கி (ஹெர்பிஸ்), மரு மாதிரி வைரஸ் நோய்கள்தான் முன்னுக்கு வந்திருக்கின்றன.

ஓய்வு_சிஸ்டர்
இதில் ஒரு வேடிக்கை பார். அரசுப் பால்வினை நோய் மையங்களில் நிறம் நிறமாக மருந்துப் பொட்டலம் கொடுப்பார்கள். வெள்ளைப்படுதலுக்குப் பச்சை, புண்ணுக்கு வேறு நிறம், அடிவயிற்று வலிக்கு மஞ்சள், இப்படி. மருவுக்கு என்று ஒரு நிறம் கிடையாது. மாத்திரை விழுங்கிக் குணமாகிற நோய் இல்லை இது. பொட்டலம் வாங்கப் போகிற மாதிரி போய்விட்டு, "ஒன்றும் தரவில்லை" என்று திரும்பி வருகிற பெண்கள் உண்டு. கேட்டு வாங்க வேண்டும்: "எனக்கு மரு, இதற்கு மருந்து வைப்பது எந்த நாளில், எந்த அறையில்?"

நாகலூர்_பொண்ணு
அம்மா, நான் ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம். எனக்கும் இதே மாதிரிதான். இப்போது ஏழாம் மாதம். மாசமாவதற்கு முன்னால் ஒன்றிரண்டு இருந்தது, இப்போது கிடுகிடுவென்று வளர்கிறது. எஸ்டேட்டில் கூட வேலை செய்கிற அக்கா, "குழந்தை அதைத் தொட்டுக்கொண்டு வரும், ஆபரேஷன்தான்" என்கிறார். கிராம செவிலியர் அக்கா சேலம் போகச் சொன்னார். அந்த இருபது கொண்டை ஊசி வளைவை நினைத்தாலே எனக்கு வாந்தி வருகிறது. பிரசவம் வரை பொறுத்துக்கொள்ளலாமா?

தோல்பிரிவு_பிஜி
பொறுக்க வேண்டாம், ஒருமுறை போய்க் காட்டிவிடுங்கள். மாசமாக இருக்கும்போது எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் தாழும், ரத்த ஓட்டம் கூடும், மரு வேகமாக வளரும். பிரசவத்துக்குப் பிறகு பலருக்குத் தானாகவே சுருங்கிவிடும்.

யார் கொடுத்தாலும் போடோஃபில்லின், போடோஃபில்லோடாக்ஸின், இமிகுவிமோட் இந்த மூன்றையும் கர்ப்பத்தில் தொடக்கூடாது. பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டும் ஒரே செடியின் சரக்குதான், கருவுக்கு ஆகாது. டாக்டர் கையால் வைக்கிற டிரைகுளோர் அசிட்டிக் அமிலம், திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது, பெரிதாக இருந்தால் வெட்டி எடுப்பது, இவை கர்ப்பத்திலும் செய்யலாம்.

மரு இருக்கிறது என்பதற்காக மட்டும் சிசேரியன் செய்ய மாட்டார்கள். குழந்தை வரும் வழியை அடைக்கிற அளவு பெரிதாக இருந்தாலோ, கிழிந்து ரத்தம் கொட்டும் என்று தோன்றினாலோதான். குழந்தையின் தொண்டையில் மரு வருவது உண்டு, பொய் சொல்லவில்லை, ஆனால் மிக மிக அபூர்வம். சிசேரியன் செய்தால் அது வரவே வராது என்றும் உறுதி இல்லை. குழந்தையின் அழுகுரல் பிற்பாடு கரகரத்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள், அவ்வளவு போதும். பிரசவம் பார்க்கிற டாக்டரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஏற்காடு_ஜீப்பு
நாகலூர் தங்கச்சி, வாந்திக்குப் பயந்தால் குப்பனூர் வழியாக இறங்குங்க. சுற்றுதான், ஆனால் அந்த வளைவுகள் இல்லை. ஜன்னல் ஓரம், முன் சீட்டு, கையில் எலுமிச்சம்பழம்.

கொலுசுமணி
நாளை போகலாம் என்று இருக்கிறேன். மரு என்று உறுதியானால் என்ன செய்வார்கள்? வலிக்குமா?

தோல்பிரிவு_பிஜி
எண்ணிக்கை, அளவு, இடம் பார்த்து முடிவு செய்வார்கள். எல்லோருக்கும் ஒரே வைத்தியம் கிடையாது, எது சிறந்தது என்று ஒரே ஒரு பதிலும் கிடையாது.

அரசு மருத்துவமனைகளில் அதிகம் பார்ப்பது டிரைகுளோர் அசிட்டிக் அமிலம், 80 முதல் 90 சதவீதக் கரைசல். சுற்றியுள்ள தோலில் வாசலின் தடவிவிட்டு, குச்சியில் தொட்டு மருவின் மேல் மட்டும் வைப்பார்கள். அது வெள்ளையாக மாறும். சில நிமிடம் நன்றாகவே எரியும், நடிக்க வேண்டாம், எரிந்தால் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை, பல வாரம் போக வேண்டியிருக்கும். திரவ நைட்ரஜன் வைத்து உறைய வைப்பது ஒரு வாரமோ இரண்டு வாரமோ விட்டு விட்டுச் செய்வது. பெரிய கொத்து என்றால் மரத்துப்போகும் ஊசி போட்டு மின்சாரத்தால் சுடுவார்கள் அல்லது வெட்டி எடுப்பார்கள். லேசரும் உண்டு. தனியாரில் லேசர் என்றாலே பெரிய வைத்தியம் என்று காசைக் கொட்டுகிறார்கள். நாலைந்து சின்ன மருவுக்கு அது அவசியமே இல்லை என்பது என் கருத்து.

வீட்டில் போடுகிற மருந்தும் இருக்கிறது. இமிகுவிமோட் 5 சதவீதக் களிம்பு: வாரத்தில் மூன்று இரவு, ஒன்று விட்டு ஒரு நாள் மாதிரி தடவி, காலையில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். 16 வாரம் வரை போகலாம். அது வைரஸைக் கொல்வதில்லை, உங்கள் உடம்பையே அதன்மேல் ஏவுகிறது. அதனால் சிவக்கும், புண் மாதிரி ஆகும். புண் அதிகமானால் சில நாள் நிறுத்திவிட்டுத் தொடரலாம். களிம்பு ஆணுறையை வலுவிழக்கச் செய்யும், அதைத் தடவியிருக்கும்போது உறவு வேண்டாம். போடோஃபில்லோடாக்ஸின் என்றால் மூன்று நாள் காலை மாலை, பிறகு நான்கு நாள் விடுப்பு, இப்படி நான்கு சுற்று வரை. தன் கண்ணால் பார்க்க முடிகிற இடத்துக்குத்தான் இவை. கண்ணாடி வைத்துப் பார்த்தும் எட்டாத இடம் என்றால் டாக்டர் கையால்தான்.

மூன்றில் ஒரு பங்கு பேருக்கு எதுவும் செய்யாமலே சில மாதத்தில் போய்விடுவதும் உண்டு.

துளசி_ஹோமியோ
துஜா என்ற ஹோமியோபதி மருந்து கொடுத்தால் போயே போய்விடும். பலருக்குப் போயிருக்கிறது.

தோல்பிரிவு_பிஜி
மேலே கடைசி வரியைப் படியுங்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

அம்மாபேட்டை_அக்கா
எனக்கு ஒரு யோசனை. வீட்டுக்காரரிடம் "பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் தொற்றியது" என்றோ "அடுத்தவர் துண்டை உடுத்தினேன்" என்றோ சொல்லிவிட்டால் என்ன? வீடு அமைதியாக இருக்கும். அவளும் நிம்மதியாக வைத்தியம் பார்க்கலாம்.

ஓய்வு_சிஸ்டர்
உன் நல்ல மனசு புரிகிறது. ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தோலோடு தோல் உரசுகிற உறவில்தான் இது பரவுகிறது, கழிப்பறையில் உட்கார்ந்து வருவதில்லை. அந்தப் பொய்யைச் சொன்னால் அவர் தன் உடம்பைக் காட்ட வர மாட்டார், ஆணுறை போட மாட்டார். அவர் உடம்பில் மரு இருந்தால் அது அப்படியே நிற்கும், வேறு நோய் ஏதாவது கூட வந்திருந்தாலும் தெரியாமலே போகும். நாளைக்கு அவரே ஒரு டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால் "பொய் சொன்னாள்" என்ற பெயரும் சேரும்.

அம்மாபேட்டை_அக்கா
உண்மையைச் சொன்னதற்காக அடி வாங்கியவளையும் நான் பார்த்திருக்கிறேன் சிஸ்டர். புத்தகத்தில் இருப்பது வேறு, எங்கள் தெருவில் இருப்பது வேறு.

ஆத்தூர்_வக்கீல்
இரண்டு பேர் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. மாமியாருக்கும் நாத்தனாருக்கும் ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியதில்லை, "தோல் டாக்டரிடம் போகிறேன்" போதும். கணவரிடம் பேசப் பயமாக இருந்தால் வீட்டில் தனியாகப் பேசாதீர்கள், டாக்டர் முன்னால் பேசுங்கள். அங்கே ஆலோசகர் இருப்பார், அதற்குத்தான் சம்பளம். கை ஓங்குகிற ஆள் என்றால் கதையே வேறு, முதலில் உங்கள் பாதுகாப்பு. 181 பெண்கள் உதவி எண்.

சங்ககிரி_லோடு
நான் ஒரு டிரைவர். பேசலாமா என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது, அப்புறம் வீட்டில். ரோட்டில் இருக்கிற எங்களுக்கு எய்ட்ஸ் பற்றி ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்கள், 1097 நம்பர் எல்லா டிரைவருக்கும் மனப்பாடம். மருவைப் பற்றி யாரும் சொன்னதில்லை. ஆணுறை போட்டாலும் அது மூடாத இடத்தில் உரசினால் தொற்றும் என்பது எனக்கு டாக்டர் சொல்லித்தான் தெரியும். குறைக்கும், முழுசாகத் தடுக்காது.

தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரரிடம் போனில் சண்டை மாதிரி ஆரம்பிக்காமல், "எனக்கு இப்படி இருக்கு, டாக்டர் உங்களையும் ஒருதடவை பார்க்கணும்னு சொல்றாங்க" என்று சொல்லுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது மட்டும் சொல்லாதீர்கள், சாப்பிட நிறுத்தியிருக்கும் நேரம் பாருங்கள். ஆம்பளைக்கு இந்த வைரஸுக்கு என்று ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. டாக்டர் கண்ணால் பார்ப்பார், மரு இருந்தால் மருந்து வைப்பார், மற்ற நோய்களுக்கு ரத்தம் எடுப்பார். அவ்வளவுதான்.

சூரமங்கலம்_அம்மா
என் மகளுக்கு 11 வயது. தடுப்பூசி போட்டால் இது வராதா? பள்ளி வாட்ஸ்ஆப் குழுவில் ஒரே சண்டை.

தோல்பிரிவு_பிஜி
எந்தத் தடுப்பூசி என்று பார்க்க வேண்டும். 16, 18 இரண்டை மட்டும் தடுக்கிற ஊசி புற்றுநோய்க்கு உதவும், மருவுக்கு உதவாது. 6, 11ஐயும் சேர்த்து நான்கு வகையைத் தடுப்பவை, ஒன்பது வகையைத் தடுப்பவை இருக்கின்றன, அவை மருவையும் தடுக்கும். புனேயில் சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரிக்கிற செர்வாவாக் நான்கு வகை ஊசி, 2022இல் அனுமதி கிடைத்தது. 9 முதல் 26 வயது வரை, ஆண் பிள்ளைகளுக்கும் போடலாம். 9 முதல் 14க்குள் என்றால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி, அதற்குமேல் மூன்று.

சண்டை போடுகிறவர்களுக்கு இதைக் காட்டுங்கள்: ஆஸ்திரேலியாவில் 2007இல் பள்ளிப் பெண்களுக்கு நான்கு வகை ஊசி போட ஆரம்பித்தார்கள். பாலியல் நல மையங்களுக்கு வந்த 21 வயதுக்குட்பட்ட பெண்களில் மரு இருந்தவர்கள் அந்த வருடம் 11.5 சதவீதம். 2011இல் 0.85 சதவீதம். ஊசி போடாத இளம் ஆண்களிடமும் குறைந்தது, வைரஸ் சுற்றுவதற்கு ஆள் கிடைக்கவில்லை.

இருக்கிற மருவை ஊசி போக்காது. அது வருமுன் காக்கத்தான்.

ஓய்வு_சிஸ்டர்
ஊசி போட்டாலும் முப்பது வயதைத் தாண்டினால் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். 2022இல் மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 1.27 லட்சம் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்திருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வினிகர் மாதிரி ஒரு அமிலத்தைத் தடவிப் பார்ப்பார்கள், சில நிமிட வேலை, காசு கிடையாது. மரு வந்தவள் என்பதற்காக அடிக்கடி செய்ய வேண்டியதில்லை, மற்றவர்களைப் போலவே செய்தால் போதும்.

கொலுசுமணி
போய்விட்டு வந்தேன். நீண்ட வரிசை, நின்று நின்று கால் கடுத்துவிட்டது. லேடி டாக்டர்தான் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், ஒன்றும் சொல்லவில்லை, "இது சாதாரணமாக வருகிறதுதான்" என்றார். மருதான் என்று உறுதி. உள்ளேயும் கருவி வைத்துப் பார்த்தார், உள்ளே இல்லை. ரத்தம் எடுத்தார்கள், எதுவும் இல்லை என்று வந்திருக்கிறது. அந்த அமிலம் வைத்தார்கள். எரிந்தது, ஆனால் தாங்க முடிந்தது. அடுத்த வாரமும் வரச் சொன்னார்கள்.

அவரிடம் நேற்று சொன்னேன். நாக்பூர் பக்கம் ஒரு தாபாவில் நிறுத்தியிருந்தார். ரொம்ப நேரம் பேச்சே இல்லை, லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் "நானும் வந்து காட்டுகிறேன்" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வியாழக்கிழமை வந்துவிடுவார்.

ஒரு சந்தேகம். நாங்கள் பிள்ளைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறோம். இது குழந்தைப் பேற்றைத் தடுக்குமா? போனது திரும்ப வருமா?

தோல்பிரிவு_பிஜி
குழந்தை உண்டாவதை இந்த மரு தடுக்காது. வைத்தியம் முடியும்வரை உறவைத் தள்ளிப்போடுங்கள் அல்லது ஆணுறை. பிள்ளைக்கு முயற்சி செய்வதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், நாகலூர் அக்காவுக்கு எழுதிய அந்த மூன்று மருந்தையும் உங்களுக்கு எழுதிவிடாமல் பார்த்துக்கொள்வார்.

திரும்ப வரலாம். மருவை எடுத்தாலும் சுற்றியுள்ள தோலில் வைரஸ் கொஞ்ச காலம் இருக்கும். வருவதாக இருந்தால் அநேகமாக முதல் மூன்று மாதத்துக்குள் வரும். நான்கில் ஒருவருக்காவது வருகிறது. வந்தால் வைத்தியம் தோற்றுவிட்டது என்றோ, வீட்டுக்காரர் மறுபடி எங்கேயோ போனார் என்றோ நினைக்க வேண்டாம். சின்னதாக இருக்கும்போதே போனால் ஒன்றிரண்டு தடவையில் முடியும்.

சங்ககிரி_லோடு
வியாழன் இரவு வண்டி வந்தால் வெள்ளி காலையே கூட்டிப் போய்விடுங்கள் தங்கச்சி. டிரைவர் வீட்டில் ஒருநாள் உட்கார்ந்தால் அடுத்த லோடு வந்துவிடும்.

நாகலூர்_பொண்ணு
நானும் வெள்ளிக்கிழமைதான் இறங்குகிறேன், குப்பனூர் வழியாக. கிராம செவிலியர் அக்கா கூட வருகிறார். பிரசவ வார்டில் சொல்லும்போது மருந்துப் பெயர் மூன்றையும் காட்ட சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.